விரிசலுக்கு வைத்த பொட்டு

ஓவர்சியர் பட்டாபிராமனுக்கும் வாழ்க்கையில் ஒரு பக்தர் கூட்டம் சேர்ந்தது. அவருக்கில்லை, அவர் பூசிய பெயிண்டுக்கு.

அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே, ஓடையை மறித்து வெள்ளைக்காரன் எழுப்பிய கான்கிரீட் அணை. கீழேயிருந்த ஊருக்குக் குடிக்க, குளிக்க, மாட்டைக் கழுவ, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். தை மாதம் சுவரின் அடியில் ஒரு விரிசல் கசிந்தது. அது வளர்கிறதா என்று பார்க்க, பட்டாபி அதன் நுனியில் சிவப்புப் பெயிண்டால் அடையாளம் வைத்தார். நேராக ஒரு கோடு இழுக்கத் தெரியாத மனிதர். அன்றைக்கென்று வட்டமாக, லட்சணமாக விழுந்து தொலைத்தது. சில நாளில் அதைச் சுற்றி மஞ்சள். அப்புறம் வேப்பிலை. ஆடியில் கூழே ஊற்றிவிட்டார்கள்.

"இது பெயிண்டும்மா. நான்தான் வெச்சேன்."

"உன்ன வெக்கச் சொன்னது யாரு சாமி? அவதானே?" என்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்த ஆராயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பட்டாபி இலாகாப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

விரிசல் பொட்டைத் தாண்டி ஒரு முழம் ஓடியது. "அம்மா வளர்றா" என்று ஊர் பூரித்தது.

ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் சுவர் தாங்காது. பட்டாபி ரொம்பச் சாமர்த்தியமாக யோசித்து, மதுராந்தகத்திலிருந்து தேவசகாயம் என்ற கொத்தனாரை அழைத்துவந்தார். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அம்மனுக்குப் பயப்படமாட்டார். தேவசகாயம் கரண்டியோடு குனிந்தார், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார், நிமிர்ந்துவிட்டார்.

"என்னப்பா, பயமா?"

"பயமெல்லாம் இல்ல சார். எங்க மாதா கெபியில, சிலைக்கு முன்னால, எவனாவது கரண்டியோட வந்து நின்னா நான் சும்மா இருப்பனா?"

சிமெண்டு மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்ற பட்டாபியும் ஒரு கை கொடுத்தார். அவர் உருப்படியாகச் செய்த வேலை அதுதான். மேலதிகாரியோ, "ஜனங்க மனசு நோகாம அடைச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

"அப்போ மதகைத் திறந்து தண்ணியையாவது வடிச்சுடறேன்" என்று ஊராரிடம் கெஞ்சினார் பட்டாபி.

"வடிச்சுட்டா சித்திரையில இன்னாத்த குடிக்கறது?" என்றாள் ஆராயி. "உங்க வூட்டுக் கெணத்தத் தூக்கியாருவியா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஐப்பசியில் ஒருநாள், கடப்பாக்கம் பக்கம் கடல்மேல் வானம் கறுத்தது. பட்டாபி சைக்கிளை அணையடியில் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார். "அணை நிக்காது! எல்லாரும் மேட்டுக்குப் போயிடுங்கோ!" ஊர் மொத்தமும் கிளம்பியது. சொன்னதைக் கேட்கிறார்களே என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் கூட்டம் மேட்டுப்பக்கம் திரும்பவில்லை. பிள்ளைகுட்டி, பானை, அரிசி, வெல்லத்தோடு நேரே அணையடிக்குப் போனது. ஆபத்தென்றால் அம்மன் காலடியில் பொங்கல் வைப்பதுதானே வழக்கம்?

கத்தினார், கையைப் பிடித்து இழுத்தார், காலில்கூட விழப்போனார். "ஐயோ, பெரியவங்க நீங்க போயி" என்று ஆராயி பதறி விலகினாள். "வூட்டுக்குப் போ சாமி, நனைஞ்சுருவே."

சைக்கிளை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளினார். பின்னால் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தன. திரும்பிவந்து, அணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆராயி ஓர் இலையில் பொங்கலை வைத்து நீட்டினாள்.

முதுகுப்பக்கம் சட்டை சில்லென்று நனைந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை.

"இன்னா சாமி, துண்ணாம குந்திகினு கீறே?"

"சூடா இருக்கு" என்றார் பட்டாபி.