குளத்துக்கு இறங்கும் பாதையில் ஒரு கல்

இப்போதெல்லாம் தோட்டத்துக்கு வருகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. பூவுக்கு முதுகைக் காட்டி நின்று, செல்போனை நீட்டித் தங்கள் மூஞ்சியைப் படம் பிடிக்கிறார்கள். டோக்கியோவில் லாரி ஓட்டிய காலத்திலிருந்து எங்கள் வட்டாரத் தோட்டத்துக்கு வருகிறேன். மனிதர்களை நான் நம்பியதில்லை. அந்தக் கல்லை நம்பினேன்.

குளத்துக்கு இறங்கும் பாதையில் வசந்தத்திலிருந்து அது கிடக்கிறது. தேங்காய் அளவுக் கல், குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கயிறு, உச்சியில் முடிச்சு. அது இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஓர் எட்டில் தாண்டிவிடலாம். எங்கள் ஊரில் யாரும் தாண்ட மாட்டோம்.

ஐரிஸ் பூப்பதோ கீழே குளக்கரையில். என் மனைவி தொகியேவுக்குத் திங்கட்கிழமை முட்டி ஆபரேஷன். அவள் எழுந்து நடப்பதற்குள் பூ முடிந்துவிடும். "ஒரு தடவை கிட்டப் போய்ப் பாத்துட்டா போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தினமும் வந்து கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இன்று தூறலில் அவளையே கூட்டிவந்தேன். கல் இருந்தது. கீழே யாரோ இருமினார்கள். எட்டிப் பார்த்தால், எங்கள் தெருவில் மீன் கடை வைத்திருந்த இசோகாய் பெஞ்சில் உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரிக்கிறான்.

"யோவ், கல்லு கண்ணுல படலையா?"

"படாம என்ன? நான்தானே வெச்சேன்."



"நீயா?"

"சும்மா ஒரு நாள் வெச்சுப் பாத்தேன். ஒரு பய எறங்கல. நிம்மதியா சாப்பிட இந்த ஊர்ல ஒரு எடம் வேணாமா?"

"தோட்டக்காரன் எடுக்கலயா?"

"எங்க எடுக்கறது? ஆபீஸ்ல வெச்சதுன்னு அவன் நெனைக்கிறான். அவன் வெச்சதுன்னு ஆபீஸ் நெனைக்குது. போன வாரம் கயிறு நைஞ்சுபோச்சுன்னு புதுசு கட்டிட்டுப் போயிருக்கான்யா."

ஒரு மீன்காரன் கட்டிய கல்லுக்கா இத்தனை நாள் பயந்தேன்? அதைத் தூக்கினேன். திருடனைப் போல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டேதான் தூக்கினேன்.

தொகியே என் தோளைப் பிடித்து மெல்ல இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊதாவும் வெள்ளையுமாக அவள் முட்டி உயரத்துக்குப் பூ. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ஏங்க, அந்தக் கல்லை இருந்த எடத்துலயே வெச்சிட்டு வாங்க."

"என்ன சொல்ற நீ?"

"மேல ஒரு கூட்டம் வருது பாருங்க. கொஞ்ச நேரம் நிம்மதியா பாக்குறேனே."

"அண்ணிக்குப் புரியுது" என்று இசோகாய் உருண்டையில் பாதியை அவளிடம் நீட்டினான். அவளும் வாங்கிக்கொண்டாள்.

கல்லோடு மேலே ஏறினேன். செல்போனும் கையுமாக வந்த பெண் ஒருத்தி கல்லைப் பார்த்ததும் குனிந்து வணங்கினாள். "மன்னிச்சுக்குங்க ஐயா, பாதையை மூடறீங்களா?" என்று கூட்டத்தையே திருப்பிக் கூட்டிப் போனாள்.

கூட்டம்தான் போய்விட்டதே என்று கல்லை ஓரப் புல்லில் போட்டேன். "பாத்து முடிச்சதும் கூப்பிடு, வாசல்ல இருக்கேன்" என்று கீழே குரல் கொடுத்துவிட்டு நடந்தேன். மூங்கில் பக்கம் திரும்பும் பாதையில் இன்னொரு கல், அதே கறுப்புக் கயிறு.

இதை எவன் வைத்தானோ. சுற்றிக்கொண்டு போனேன்.