நாலு காலும் சறுக்கிய ஆடு

எலுமிச்சம்பழம் வாங்கி வந்தது ஹம்ஸினிதான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

கச்சிபௌலியில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் கம்பெனி அது. முதலாளி சிவஞானத்துக்கு என்ன தோன்றியதோ, கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கி, நாலு காலில் நடக்கும் இயந்திரம் ஒன்று செய்யச் சொன்னார். கால்களைச் செய்தவன் அப்துல் காதர். எந்தக் காலை எப்போது தூக்குவது, எங்கே வைப்பது என்று சொல்லும் புரோகிராம் ஹம்ஸினியுடையது. கம்பெனிக்குப் பின்னால் பாறைகளில் மேயும் ஆடுகளை வீடியோ எடுத்து, பார்த்துப் பார்த்து எழுதினாள். கால் வழுக்கினால் ஆடு யோசிப்பதில்லை. வெடுக்கென்று அதைத் தூக்கி வேறிடத்தில் வைக்கிறது. இயந்திரமும் அதைக் கற்றுக்கொண்டது. சரளை, மணல், உடைந்த கல் எல்லாவற்றிலும் நடந்தது. வேறெந்த வேலையிலும் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

டில்லியிலிருந்து ஒரு குழு பார்க்க வருவதாக இருந்தது. இயந்திரம் நடந்தால் அவர்கள் ஆதரவு கிடைக்கும். விழுந்தால் அறையைப் பூட்டிவிட்டு, ஹம்ஸினி மேல்மாடிக்குப் போய் வங்கி மென்பொருளைச் சோதித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சிவஞானம் இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

"புது வண்டின்னா சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோமா இல்லையா? இதுக்கும் வைக்கணும்மா. நாலு காலுக்கும்," என்றார் சிவஞானம்.

"நக்கோ சார், கால்ல சென்சார் இருக்கு," என்றாள் ஹம்ஸினி. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பதறினால் 'வேண்டாம்' என்பதுகூட அந்த ஊர் உருதுவில்தான் வரும்.

"நடந்து முடிச்சப்புறம் வச்சுக்கலாமே சார்," என்றான் காதர்.

"நடந்து முடிச்சப்புறம் எதுக்குய்யா திருஷ்டி கழிக்கிறது?"

அவள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின வாரம் காரணமே தெரியாமல் இயந்திரம் ஒருமுறை தடுமாறியிருந்தது. தேடித் தேடி ஓய்ந்தவளுக்கு, பழம் வைத்தால் நல்லதோ என்னவோ என்று உள்ளூரத் தோன்றிவிட்டது. பயம் வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் எந்த மூலைக்கு? அமீர்பேட் பஸ் ஸ்டாப்பில் நல்ல பழுத்த பழமாகப் பார்த்து அவளே வாங்கினாள்.

விருந்தாளிகள் வருகிறார்களென்று கிரானைட் தரையை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்திருந்தார்கள். வயிறு தரையில் பட உட்கார்ந்திருந்த இயந்திரத்துக்குப் பாதத்துக்கொரு எலுமிச்சம்பழம், சாமந்தி மாலை வேறு. டில்லிக்காரர்கள் வந்து நின்றதும் ஹம்ஸினி எழச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். நாலு காலும் ஊன்றின, பழங்கள் நசுங்கின, நாலு காலும் ஒன்றாக வழுக்கின. வழுக்கிய காலைத் தூக்கு என்றுதானே எழுதியிருந்தாள்? அது சொன்ன பேச்சைக் கேட்டது. நாலையும் சேர்த்துத் தூக்கியது.

மடேரென்று விழுந்ததில் முன்னங்கால் முட்டி உடைந்தது. என்ன ஆயிற்று என்று டில்லிக்காரர் ஒருவர் கேட்டார். புரோகிராமில் சின்னத் தப்பு என்று சிவஞானம் ஆங்கிலத்தில் சொன்னார், பழத்தோலை ஷூவால் ஓரமாகத் தள்ளியபடியே. அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை.

அவர்கள் போனதும், "விடு ஹம்ஸினி, ஆனைக்கும் அடி சறுக்கும்," என்றான் காதர்.

"நாலு அடியும் சேர்ந்து சறுக்காது காதர். அப்படி ஆகும்னு நான் யோசிக்கவே இல்ல."

தப்பைத் திருத்த இரண்டு வரி போதுமாயிருந்தது. அன்றே எழுதினாள். முட்டியை மாற்றி இன்னொரு தடவை நடக்க வைத்துப் பார்க்கலாம் சார் என்று கேட்டாள். "போதும்மா," என்றார் சிவஞானம்.

அறையைப் பூட்டினாலும் இயந்திரத்தைத் தூக்கி எறிய அவருக்கு மனசு வரவில்லை. முட்டியை ஒட்டவைத்து வரவேற்பறையில் நிறுத்தச் சொன்னார். வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள், விழுந்து வைக்கக் கூடாதல்லவா? நாலு பாதத்தையும் போல்ட் போட்டுத் தரையோடு முடுக்க ஏற்பாடாயிற்று. முடுக்கும்போது கால்கள் அசையாமல் பிடித்துக்கொள்ள, அதைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. மேல்மாடியிலிருந்து ஹம்ஸினியைக் கூப்பிட்டார்கள். அவள் இறங்கி வந்து, ஒவ்வொரு காலாகப் பிடித்துக்கொண்டாள்.