ஓரம் நேராகாத இலுப்பை

அறிவுச்சுடர் கிருஷ்ணசாமியின் புது வீட்டுக் கதவுக்கான இரண்டு இலுப்பைப் பலகைகள் முருகையனின் திண்டிவனம் தச்சுப் பட்டறைக்கு வந்து மூன்று நாளாகிறது. 'அறிவுச்சுடர்' பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. பேனர் அடிக்கிறவன், இடம் காலியாகக் கிடக்கிறதே என்று போட்டான், ஒட்டிக்கொண்டது. மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டங்களில் அவர் முழங்காத ஊரில்லை. நேரம் குறிக்கும்போது ராகுகாலம் மட்டும் பார்த்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. அதற்குள் பலகைகள் சேராவிட்டால் புதுச்சேரிக் கடைக் கதவு வந்து இறங்கிவிடும். முருகையன் கை போய்விட்டது என்று வானூர் வரைக்கும் பேசுவார்கள்.

வேலை என்னவோ சாதாரணம்தான். ரம்பத்தில் அறுத்த பலகையின் ஓரம் கரடுமுரடாக, வளைந்து இருக்கும். இழைத்து நேராக்கி, இரண்டு ஓரங்களையும் ஒட்டவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். நடுவே கீற்றுகூடக் கசியக் கூடாது.

கசிந்தது. பத்து முறை இழைத்தும் அதே இடத்தில், நெல்மணி அகலத்துக்கு. பலகைதான் ஒரு விரல்கடை குறைந்தது.

வியாழக்கிழமை உச்சி வெயிலில் முருகையன் மறுபடியும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். கீற்றுக்கு அந்தப் பக்கம் வாசல் வெயில் தெரிய வேண்டும். தெரிந்தது கறுப்பாக, மெல்ல அசைகிற ஏதோ. அவிழ்த்துவிட்ட கூந்தலைப் போல. பலகையை இறக்கினான். வாசலில் யாருமில்லை.

அந்த இடத்தை உளியால் நோண்டினான். துருப்பிடித்த ஆணி ஒன்று. அதில் சுற்றிய தலைமுடி, பச்சை ரிப்பன் துண்டோடு. மரத்துக்குள் கிடந்த முடி காலையில் எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி கிளியம்மாள் அலறினாள்.

"யோவ், கைய எடு! பேய் ஓட்டி, முடியச் சுத்தி மரத்துல அடிச்ச ஆணிய்யா அது. புடுங்கினா எறங்கி வந்துடும்."

"புடுங்கலன்னா ஓரம் நேராவாதுடி."

வாசலில் கார் நின்றது. கிருஷ்ணசாமி இறங்கும்போதே தொண்டையைச் செருமினார்.

"ஆணி என்பது இரும்பு, முருகையா. முடி என்பது புரதம். புடுங்கு!"

"மரம் எங்கேர்ந்து வந்துச்சுங்க?"

"முகையூர்ப் பக்கம், நம்ம ஏரிக்கரையில காத்துல சாஞ்சது" என்றபடி குனிந்தார். ரிப்பனைப் பார்த்தார். மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"வேணாம். உள்ளயே அடிச்சுடு. மேல பாலிஷ் போட்டுக்கலாம்."

"ஏங்கய்யா?"

"புனிதாவோட ரிப்பன்... என் மொத சம்சாரம். எதுக்கெடுத்தாலும் கேள்வி கேட்டுக்கினே இருப்பா. பேய் புடிச்சிருக்குன்னு கூட்டிக்கினு போனோம். நான்தான் சுத்தியல் புடிச்சேன்."

"அப்புறம்?" என்றாள் கிளியம்மாள்.

"அப்புறம் பேசவே இல்ல. ரெண்டு வருசம். அப்படியே செத்துப் போய்ட்டா."

முருகையன் ஒன்றும் நியாயவான் இல்லை. அவனுக்கு வேண்டியது நேரான ஓரம். குறடால் பிடித்தான்.

"டேய், வேணான்டா!"

வெண்ணெயிலிருந்து வருவதுபோல ஆணி வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரே இழைப்பு. பலகைகளைச் சேர்த்துத் தூக்கினான். கீற்று இல்லை.

கிருஷ்ணசாமிக்குப் பின்னால், யாருமில்லாத வாசலிலிருந்து ஒரு பெண்குரல், பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வதுபோல நிதானமாகக் கேட்டது: "அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே?"

கிளியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிருஷ்ணசாமி திரும்பவில்லை. மைக் இல்லாமலேயே இரண்டு மணி நேரம் பேசுகிற மனிதர், வாய் திறக்காமல் காருக்குப் போனார். பின்சீட்டில் ஏறி, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, நகர்ந்து உட்கார்ந்தார்.