முன்வரிசை முட்டைகள்

என் அண்ணன் கந்தவேல் இருபத்திரண்டு வருடம் முட்டை லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் ஏற்றிய லோடு, குமுளி மலை ஏறி இறங்கினாலும் ஒரு விரிசல் இல்லாமல் கேரளாவில் போய் இறங்கும். முப்பது முட்டை பிடிக்கும் அட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, கயிறு கட்டி, அத்தனை தூரம் கொண்டுபோவதென்றால் விளையாட்டில்லை. அதற்கு ஒரே வழி, சடன் பிரேக் போடாமல் ஓட்டுவது. வேகத்தடை கண்ணுக்குத் தெரியும் முன்பே அண்ணன் கியரைக் குறைக்க ஆரம்பித்துவிடுவார். பிரேக்கை அழுத்தி மிதிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "உங்கண்ணன் வண்டியில நெறமாசப் பொம்பளயக் கூட்டிட்டுப் போலாமுங்க டீச்சர்" என்று பண்ணையில் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அப்படிப்பட்டவர் மூன்று மாதமாக லாரிப் பக்கமே போகவில்லை.

ஐப்பசி மாதம், காலை ஒன்பது மணி, தூறல். பரமத்தி தாண்டி, காவிரிக்கரையில் இருக்கிற எங்கள் பக்கத்து வேலூருக்குப் போகிற வழியில், கொடிக்காலில் இருந்து வெற்றிலைக் கட்டை மொபெட்டில் வைத்துக்கொண்டு முருகானந்தம் என்பவர் சந்திலிருந்து ரோட்டுக்கு ஏறினார். அண்ணன் லாரி இடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடை எலும்பு இரண்டாக முறிந்து, பிளேட் வைத்து, மனிதர் படுத்த படுக்கை. வெற்றிலை கிள்ளிப் பிழைக்கிற குடும்பம்.

கூடிய கூட்டம் ரோட்டைக் குனிந்து பார்த்தது. டயர் இழுத்த தடம் இல்லை. மழை ஈரத்தில் தடம் எப்படி விழும் என்று யாரும் யோசிக்கவில்லை. "முட்டை லாரிக்காரன் எங்க பிரேக்கப் போட்டான்?" என்று ஒருவன் சொன்னான். எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆயிற்றே, உடனே நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முருகானந்தத்தின் மனைவி மாரக்காள் அண்ணனை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார்.

"முட்ட ஒடயக் கூடாதுன்னு எம் புருசன ஒடச்சுப் போட்டீங்களே."

சத்தம்கூடப் போடவில்லை அந்த அம்மாள். போட்டிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார்.

அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் முட்டை வாங்கக் கூடாது. சாவியைத் தொட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டை போட்டு, மாரக்காளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று வேலூர் பஸ் ஏறக் கிளம்புவார். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். அண்ணி சௌந்திரம் எனக்குப் போன் போட்டு அழுவார். நான் போய்க் கத்துவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

"பிரேக்கப் போட்டீங்களா இல்லியாண்ணா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியலியே அம்முணி. காலு எங்க இருந்துச்சுன்னே நெனப்பு வரமாட்டேங்குது. கண்ண மூடுனா அந்த வெத்தலக் கட்டுதான் தெரியுது." கூடவே இதையும் சொல்வார். "இருவத்திரெண்டு வருசம் பழகுன காலு. அது பழக்கத்தத்தான பண்ணியிருக்கும்?"

இடித்தது போலீஸ் வழக்கு, அது ஒரு பக்கம் நடக்கும். அண்ணனை அரித்தது அதில்லை. ஒரு மனிதனா முட்டையா என்று வந்தபோது தன் கால் முட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று அவர் நம்பினார். எங்களைப் பெற்ற தாயே வந்து அப்படியில்லை என்றாலும் அந்த நம்பிக்கை போகாது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் பிசிக்ஸ் டீச்சர். பதினெட்டு வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு உந்தமும் கணத்தாக்கும் மோதலும் நடத்துகிறவள். என் மண்டைக்கும் மூன்று மாதம் உறைக்கவில்லை.

தை மாதம் அந்தப் பாடத்தைத் திருப்புதல் செய்ய வேண்டி வந்தது. அந்த வருடம் மட்டும் லாரி, கார் என்று ஒரு உதாரணமும் சொல்லாமல் கோலிக்குண்டையும் கேரம் காயையும் வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். அகல்யா என்ற பெண் எழுந்தாள். முதல் பெஞ்சு, சந்தேகம் கேட்பதற்கென்றே பிறந்தவள்.

"மிஸ், ஒரு லாரியும் மொபெட்டும் மோதினா யாருக்கு விசை அதிகம்?"

வகுப்பு சிரித்தது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

"ரெண்டுக்கும் ஒரே விசைதான்" என்றேன். யாரும் நம்பவில்லை. போர்டில் எழுதினேன். "விசை ஒன்று, நேரமும் ஒன்று. அதனால் இது இழக்கிற உந்தம்தான் அது வாங்குகிற உந்தம். ஆனால் லாரி லோடோடு பத்து டன். மொபெட்டும் ஆளும் சேர்த்து இருநூறு கிலோ. ஐம்பது மடங்கு வித்தியாசம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி மொபெட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு போனால், லாரியின் வேகம் நாற்பத்தொன்பது ஆகும். ஒரே ஒரு கிலோமீட்டர்தான் குறையும். மொபெட்காரன் கதி அதோகதி. லாரிக்கோ இடித்ததே தெரியாது. உள்ளே முட்டை லோடு இருந்தால்கூட ஒரு முட்டை..."

போர்டில் எழுதியதைத் திரும்பிப் பார்த்தேன்.

அன்று அண்ணன் லாரியில் முட்டை உடைந்திருந்தது. எக்கச்சக்கமாக உடைந்திருந்தது. சேதி கேட்டு ஓடியபோது, லாரியின் அடியில் மஞ்சளாக ஒழுகியதை நானே பார்த்தேன். இடித்ததில் உடைந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். போலீஸ் சொன்னது, முட்டை வியாபாரி மதன் சொன்னார், அண்ணன் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

"மிஸ், ஒரு முட்டை என்ன ஆகும்?" என்றாள் அகல்யா.

"உடையாது" என்றேன். மீதி வகுப்பைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

மதன் குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்சூரன்ஸுக்காக அன்று அவர் எடுத்த போட்டோக்களைக் கேட்டேன். போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினார்.

"எதுக்குங்க டீச்சர் இப்ப? அதெல்லாம் முடிஞ்ச கத."

"முடியலீங்க. காட்டுங்க."

கேபினை ஒட்டிய முதல் மூன்று வரிசை நசுங்கிக் கூழாகிக் கிடந்தது. அட்டைகள் அப்படியே முன்பக்கம் சாய்ந்து தகரத்தோடு ஒட்டியிருந்தன. நடுவரிசைக்குப் பின்னால் ஒரு அட்டைகூட நகரவில்லை. இன்னொரு படத்தில் லாரியின் முன்பக்கம். சரிந்து கிடந்த மொபெட், சிதறிய வெற்றிலை, அதை ஒட்டினாற்போல் லாரி நின்றுகொண்டிருந்தது.

"மொபெட் இடிச்சா இப்படி ஒடயுமாங்க?" என்று கேட்டேன்.

மதன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்து வருடமாக லோடு அனுப்புகிற மனிதர். "ஒடயாதுங்களே" என்றார் மெதுவாக. "இது சடன் பிரேக்குல ஒடஞ்சதுங்க. அடக் கடவுளே, இத்தன நாளா இது தோணவே இல்லீங்களே."

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் லாரி வரைந்து, பத்து டன், இருநூறு கிலோ என்று ஆரம்பித்தேன். அவர் தாளைத் தள்ளிவிட்டார்.

"உன்ற கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம் அம்முணி. எம்மேல இருக்கற பாசத்துல ஏதோ ஒண்ணச் சொல்ற."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாசத்துக்காகக் கணக்கை மாற்றுகிறவள் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் கத்தினால் காரியம் கெட்டுவிடும். தாளை மடித்து வைத்துவிட்டு, அவருக்குத் தெரிந்ததையே கேட்டேன்.

"லோடு வண்டியில பைக்கு இடிச்சா உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"எப்படித் தெரியும்? ஒருக்கா திண்டுக்கல் பக்கம் ஒருத்தன் பின்னாடி வந்து மோதிட்டான். டோல்கேட்டுல இன்னொரு டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது."

"அன்னிக்கு முட்ட ஒடஞ்சுதா?"

"ஒண்ணுகூட ஒடயல."

"சரி. கேபின ஒட்டி இருக்கற முன்வரிச மட்டும் நசுங்கியிருக்குது. பின்னாடி அப்படியே நிக்குது. என்ன நடந்திருக்கும்?"

"யாரோ கூமுட்ட சடன் பிரேக் போட்டிருப்பான்" என்றார் பட்டென்று.

போட்டோவை நீட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். அண்ணி சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார்.

"இடிச்சதுக்கு அப்பறம் மிதிச்சிருப்பேன்" என்றார் அண்ணன். அவருக்கு விட மனசில்லை. தன்னைக் குற்றவாளி என்றே நினைத்துப் பழகிவிட்ட மனிதரை அவ்வளவு லேசில் வெளியே இழுக்க முடியாது. அது நியாயமான சந்தேகமும்கூட. நான் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த படத்தைக் காட்டினேன். "வெத்தல கொட்டுன எடந்தான இடிச்ச எடம்? அங்கிருந்து உங்க வண்டி எவ்வளவு தூரம் போயி நின்னிருக்குது?"

டிரைவர் கண்ணால் அளந்தார். "ரெண்டு எட்டு வெக்கற தூரம்."

"அம்பதுல வர்ற லோடு வண்டி, இடிச்சப்பறம் பிரேக்கப் போட்டா ரெண்டு எட்டுல நிக்குமா?"

"எப்படி நிக்கும்? அறுவதடியாவது போவும். மழையில இன்னும் போ..."

நிறுத்திவிட்டார். படத்தைத் திரும்பவும் பெரிதாக்கினார்.

"முன்னாடியே மிதிச்சிருக்கீங்கண்ணா. முழு மூச்சா மிதிச்சிருக்கீங்க. இடிக்கறப்ப வண்டி கிட்டத்தட்ட நின்னே போச்சு. அதனாலதான் அந்த மனுசனுக்குத் தொடையோட போச்சு. நீங்க முட்டயப் பாத்து ஓட்டியிருந்தீங்கன்னா இன்னிக்கு அவரு இல்ல." இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இடிச்சது உங்க தப்பா அவரு தப்பான்னு இந்தக் கணக்குச் சொல்லாது. அது கோர்ட்டு சொல்லட்டும். உங்க காலு எங்க இருந்துச்சுன்னு மட்டும் இது சொல்லுது."

"அப்ப அந்த முட்டையெல்லாம்..." என்றார்.

"நீங்கதான் ஒடச்சீங்க."

"நானா?"

"ஆமாங்கண்ணா. மூணு வரிசையும்."

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூன்று மாதமாக அவர் அழுது நான் பார்க்கவில்லை. ஒரு அட்டைகூட உடைத்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மனிதர், மூன்று வரிசையை உடைத்ததற்காக இப்படி அழுவார் என்று யார் நினைத்தது? அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கும் தாங்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த குழம்பைத் தேவையில்லாமல் கிளறினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டபோது நானும் கூடக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க விடவில்லை, தள்ளிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினேன். போட்டோவும், சொல்ல வேண்டிய விளக்கமும் என்னிடம் தயாராக இருந்தன. அந்த அம்மாளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தேன்.

மாரக்காள் வாசலில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முகம் இறுகியது.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசிவிட்டார். மன்னிச்சுக்குங்க என்று சொல்லத்தான் மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பியவர். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அக்கா, முட்டையெல்லாம் ஒடச்சுப்போட்டேனுங்க."

நான் பதறிவிட்டேன். இந்த அம்மாளுக்கு இது எப்படிப் புரியும்? போனை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

மாரக்காள் என்னைப் பார்க்கவே இல்லை. இந்த ரோட்டோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முட்டை லாரிகள் தினமும் தன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறவர்.

"எல்லாமுங்களா?" என்று கேட்டார்.

"முன்வரிச அத்தனையும். மூணு வரிசைங்க."

அந்த அம்மாள் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, செருப்பு போட்ட அவருடைய வலது காலை, பிரேக்கை மிதிக்கிற காலைப் பார்த்தார். கையிலிருந்த வெற்றிலை ஒவ்வொன்றாக நழுவிக் கூடையில் விழுந்தது. நான் போனைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

"அவரு உள்ளதான் படுத்திருக்காரு" என்றார் கடைசியில். கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "வாங்க சாமி. வந்து அவருகிட்டயும் சொல்லுங்க."

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.