காய்ச்சல் இருக்கா அக்கா?

வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதை இதுவரை யாரும் ஒரு தகுதியாகப் பார்த்ததில்லை. சங்கரன்கோவிலில் வாடகைக்கு வீடு கேட்டால்கூட, "தனியாவா?" என்று இழுப்பார்கள். டெங்குக்குப் புதுத் தடுப்பு மருந்தைச் சோதிக்க வந்தவர்களோ அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்கள்.

டைபாய்டு கிருமியின் வீரியத்தைக் குறைத்து, அதற்குள் டெங்கு வைரஸின் ஒரு துண்டை வைத்திருக்கிறார்களாம். குடித்தால், சில நாள் குடலில் இருந்து, உடம்புக்கு வைரஸை அடையாளம் காட்டிவிட்டுச் செத்துப்போகும். அதுவரை மலத்தில் வெளியேறும் என்பதால் வீட்டில் குழந்தையோ நோயாளியோ இருந்தால் ஆகாது. தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் இந்த மீனலோசினிக்கு யார் இருக்கிறார்கள்? அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். உப்புக்கரித்த அந்த மருந்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் நர்ஸ் லட்சுமிப்ரியா போன் செய்தாள்.

"காய்ச்சல் இருக்கா அக்கா? சாப்பிட்டியளா? எத்தன தடவ வெளிக்குப் போனிய?"

வெளியூரில் இருக்கிற, கூடப் பிறந்த அண்ணன்கூட நான் சாப்பிட்டேனா என்று கேட்டதில்லை. இவள் அதற்கு மேலும் விசாரிக்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆபீஸ் விட்டு வந்ததுமே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னாள். "டெஸ்ட்ல கிருமியே இல்லக்கா. நல்லபடியா முடிஞ்சிட்டு. நாளைலருந்து போன் கிடையாது. ரத்தம் எடுக்க மட்டும் வந்தாப் போதும்."

வாய் தானாகச் சொன்னது, "லேசா காய்ச்சல் அடிக்கிம்மா."

மறுநாள் காலையிலேயே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். தெர்மாமீட்டரை வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், திரும்பவும் வைத்தாள்.

"ஒண்ணுமில்லியேக்கா. நீங்க சொன்னதால மத்த ஆளுகளுக்கு மருந்து குடுக்கத நிப்பாட்டி வச்சிருக்கோம்."

ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள் போல. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலும் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"காய்ச்சல் இல்லம்மா. நீ போன் பண்ணணும்னுதான் சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. தெர்மாமீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "டாக்டர்ட்ட சொல்லித்தான் ஆகணும்க்கா. இனிமே உங்கள சோதனையில வச்சுக்கிட மாட்டாவ. ரத்தத்துக்கும் வர வேண்டாம்."

"அப்ப சும்மா பேசலாம்லா? வேலைக்குன்னு இல்லாம?"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "பாக்கலாம்க்கா."

மனுவோடு வருகிற சனங்களை இதே வார்த்தையைச் சொல்லித்தான், இதே மாதிரி முகத்தைப் பார்க்காமல், தினமும் திருப்பி அனுப்புகிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.