கல் வாங்காத வலி

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கும் கருங்கல்லின் மேல் மூன்றாவது தடவையாக இரண்டு கைகளையும் ஊன்றினாள் வலிவாங்கி. கல் சில்லென்றே கிடந்தது. இடுப்பு வலி அசையவில்லை.

வலியை யாராலும் அழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். நோயாளியின் நெற்றியைத் தொட்டால் அது அவளுக்குள் வந்துவிடும். எங்கே வந்து உட்காரும் என்பதுதான் தெரியாது. காலையில் வாங்கிய கொத்தனாரின் பல்வலி மத்தியானம் வரை அவள் முழங்காலில் விண்விண்ணென்று தெறித்தது. ஷிப்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் கல்லில் இறக்கியாக வேண்டும். வலி இறங்கினால் கல் சுடும். இறக்காமல் போனால், பிரியமானவர்களைத் தொட்ட நிமிஷமே அவர்கள் மேல் தாவிவிடும்.

போன வாரம் அசதியில் ஒரு காதுவலியை மறந்துபோய் வீட்டுக்குச் சுமந்து சென்றாள். ஓடிவந்த மகளைத் தூக்கினாள். மூன்று வயசுப் பிள்ளை ஒரு பகல் முழுக்கக் காதைப் பிடித்துக்கொண்டு கத்தியது. அன்றிலிருந்து அவள் குழந்தையைத் தொடவே இல்லை.

இப்போது கேட்டுக்கு வெளியே கணவன் குழந்தையோடு நிற்கிறான். "அம்மா, தூக்கு!" ஆறு தடவை கேட்டாயிற்று.

"என்னடி, கல்லோட கல்லா ஒட்டிக்கிட்டே?" பிரசவ வார்டு வலிவாங்கி காலை இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் அவள் பெரியக்கா.

"கல்லு நிறைஞ்சுபோச்சு போலக்கா. ஒண்ணு மட்டும் இறங்கவே மாட்டேங்குது."

"தள்ளு." அக்கா கை வைத்தாள். கல் கொதித்து, மேலே கிடந்த ஈர இலை சுருண்டது. "நிறையவாவது மண்ணாவது! மூணு பிரசவத்தை முழுங்கிட்டு இன்னும் கேக்குது. உனக்கு எத்தனை?"

"பதினொண்ணு. பதினொண்ணும் இறக்கிட்டேன். இடுப்புல இருக்கிறது யாரோடதுன்னே ஞாபகம் வரலைக்கா."

"எப்போலேர்ந்து இருக்கு?"

"காலைல..." நிறுத்தினாள். "வேலைக்கு வர்றப்பவே இருந்துச்சு. நேத்தும்."

அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்தாள். "அடிப் பைத்தியமே, அது உன்னோடதுடி. சொந்த வலி கல்லுல இறங்காது, யார் மேலயும் தாவாது. முதல் நாளே சொன்னாங்களே!"

"தெரியும்க்கா. எனக்குன்னு ஒண்ணு இருக்கும்னு தோணவே இல்ல."

"இன்னொரு வலிவாங்கிதான் அதை வாங்கணும். ஆனா என் மூஞ்சியைப் பாரு. இன்னிக்கு ஆளை விடு, நாளைக்கு வா."

கேட்டுக்கு வெளியே வந்தும் பயம் விடவில்லை. ஒற்றை விரலால் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தாள். குழந்தை அழவில்லை. விரலைப் பிடித்து இழுத்தது.

தூக்கினாள். இடுப்பு சுருக்கென்றது.

"நெளியிறியே, குடு இங்க," என்றான் கணவன். "வீட்டுக்கு இன்னும் ரெண்டு தெரு இருக்கு."

ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்தபடி அவள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.