சிவப்பு மூடிக் குழாய்

அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறையவில்லை. லேப் டெக்னீஷியன் அதைச் சாய்த்துப் பார்த்தாள். சாய்த்த பக்கமெல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. பத்து நிமிடத்திலேயே கெட்டியாகி அடியில் உட்கார்ந்திருக்க வேண்டியது. பதினெட்டு வருட சர்வீஸில் இதற்கு அவள் அறிந்த காரணம் ஒன்றுதான். வார்டில் யாரோ ஊதா மூடிக் குழாயில் எடுத்துவிட்டு, தப்பு தெரிந்ததும் சிவப்பில் ஊற்றி அனுப்பியிருப்பார்கள். ஊதாவில் உறையவிடாத மருந்து இருக்கும். இந்தத் தில்லாலங்கடி வேலைக்காக எத்தனை நர்ஸுகளை அவள் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்! இன்றைக்குக் கோபம் இரண்டு மடங்கு. இது அவளுடைய தம்பி மகனின் ரத்தம். பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது.

வார்டுக்குப் போன் போட்டாள். "என்ன சிஸ்டர், மறுபடியும் மாத்தி ஊத்திட்டீங்களா? பச்சைக் குழந்தையை எத்தனை தடவைதான் குத்துவீங்க?"

"இல்லக்கா, நேரா சிவப்புலதான் எடுத்தேன்." நர்ஸின் குரலில் வழக்கமான முறைப்பு இல்லை. "குத்தின இடம் இன்னும் கசிஞ்சுக்கிட்டே இருக்கு. மூணு தடவை பஞ்சு மாத்தியாச்சு."

அவள் போனை வைத்துவிட்டு, குழாயை மறுபடியும் கையில் எடுத்தாள்.

தம்பி வீட்டில் எல்லோருக்கும் சளி வந்து போயிருந்தது. குழந்தைக்கு மூக்கு ஒழுகி உடம்பு சுட்டபோது அவன் முதலில் கூப்பிட்டது டாக்டரை அல்ல, அக்காவைத்தான். குடும்பத்தில் அவள்தான் பாதி டாக்டர். "வைரஸ்டா, எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு. தானா போயிடும், அலட்டிக்காத" என்று சொல்லிவிட்டாள். நேற்றுக் காலை அவன் ஒரு வீடியோ அனுப்பினான். குழந்தை ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு, இரண்டு காலையும் சுற்றிச் சுற்றி மிதித்தது. 'என் மருமகன் இப்பவே சைக்கிள் ஓட்டுறான்' என்று பதில் போட்டாள். குடும்பக் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் இன்னும் போனில் வரிசையாக இருக்கிறது.

லேப் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான் தம்பி. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"அக்கா, கால் அப்படி ஆடினது வலிப்பாம். மூளையில ரத்தம் கட்டியிருக்கலாம்னு ஸ்கேனுக்குக் கொண்டுபோறாங்க. உள்ள கட்டுதாம், வெளியில நிக்காம ஓடுதாம். எனக்கு ஒண்ணுமே புரியல." மூச்சு வாங்கினான். "உறைஞ்சிடுச்சான்னு உன்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அவள் குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். சூடு பட்டால் சீக்கிரம் உறையும் என்று புதிதாக வருபவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள்.

"நேத்து நீயும் பாத்தியேக்கா" என்றான் மெதுவாக. "உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

"இன்னும் அஞ்சு நிமிஷம்டா."

விரல்களை இன்னும் இறுக்கினாள். மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. மூடிய கைக்குள் ரத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடியது.